பொது நீச்சல் தடாகத்து நீரை நம்பிப் பிள்ளைகளை இறக்கலாமா?

பண்டாரவளை வாசகி:
அனைவருக்கும் வணக்கம். ஓகஸ்ட் விடுமுறைக்கு மகளையும் மகனையும் நீச்சல் வகுப்பில் சேர்த்திருக்கிறோம். வகுப்பு நடைபெறும் தடாகம் கட்டணத்துக்குப் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்படுவதால், வார இறுதியில் சுற்றுலா வருபவர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள். வாசலைத் தாண்டும்போதே குளோரீன் வாடை மூக்கில் ஏறுகிறது. திங்கட்கிழமை வகுப்பு முடிந்து வரும்போது பிள்ளைகளின் கண்கள் சிவந்திருக்கின்றன. மகளுக்குத் தோல் அரிப்பும் உண்டு. "மருந்து நிறையப் போட்டிருக்கிறார்கள், ஆகவே தண்ணீர் சுத்தமாகத்தான் இருக்கும்" என்பது அவர்களுடைய அப்பாவின் வாதம். மாமியாரோ, ஊரார் குளித்த தண்ணீரில் பேரப்பிள்ளைகளை முக்கி எடுப்பதா என்று கோபிக்கிறார். நீச்சல் கற்பிப்பதை நிறுத்தும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் அந்த நீரில் இறங்குவது உடலுக்கு நல்லதா என்பதை விடயம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மஸ்கெலியா மூத்தவர்:
உங்கள் மாமியார் சொல்வதைத்தான் நானும் சொல்வேன், மகள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நாங்கள் பீலியிலும் ஓயாவிலும் குளித்தவர்கள். மேலே மலையில் ஊறும் தண்ணீர் தலையில் விழுந்து கீழே ஓடிவிடும். ஒருவர் உடம்பில் பட்ட தண்ணீர் இன்னொருவர் உடம்பில் படுவதில்லை. தடாகத்திலோ காலையில் இறங்கியவரின் அழுக்கும் மாலையில் இறங்கியவரின் அழுக்கும் ஒரே தொட்டியில் கிடக்கின்றன, அதை மறைக்க மருந்து கொட்டுகிறார்கள். கட்டணம் கொடுத்து அதில் இறங்குவதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

நாவலப்பிட்டித் தாதி:
ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனாலும் வைத்தியசாலை விடுதியில் வேலை செய்கிற எனக்கு ஓடுகிற தண்ணீரின் மீது அவ்வளவு நம்பிக்கை வருவதில்லை. பீலி விழும் இடத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தே அந்த நீரின் தன்மை அமையும். ஒரு காலத்தில் அங்கே வெறும் காடு இருந்திருக்கலாம். இப்போது பல தோட்டங்களில் அதற்கு மேலேயும் லயங்களும் மலசலகூடக் குழிகளும் மாட்டுப் பட்டிகளும் இருக்கின்றன. மழை பெய்தவுடன் அவற்றையெல்லாம் கழுவிக்கொண்டுதான் தண்ணீர் கீழே வருகிறது.

குறிப்பாக எலிக்காய்ச்சலைச் சொல்ல வேண்டும். எலியின் சிறுநீரும் மாட்டின் சிறுநீரும் கலந்த நீரிலும் சேற்றிலும் இருக்கும் லெப்டோஸ்பைரா என்ற பற்றீரியா, காலில் உள்ள சிறு கீறல் வழியாகவும் கண், மூக்கு, வாய் வழியாகவும் உடலுக்குள் நுழைந்துவிடும். அந்த நீரைக் குடித்தால்தான் நோய் வரும் என்பதில்லை. 2008 ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000க்கும் அதிகமானோருக்கு இந்த நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டது. வயலில் இறங்குபவர்களுக்கே இது வரும் என்று நம் பக்கத்தில் பலரும் நினைப்பதால், ஓயாவில் குளித்த பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் குளித்த விபரத்தை வைத்தியரிடம் சொல்வதே இல்லை. காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஒழுங்காகக் குளோரீன் இடப்பட்ட தடாகத்தில் இந்தப் பற்றீரியா பிழைப்பதில்லை.

பிள்ளைகள் நீச்சல் பழகுவதற்கு ஓயாவும் நீர்வீழ்ச்சியடியும் உகந்தவை அல்ல என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. மலையுச்சியில் பெய்யும் மழை, கீழே வெயிலில் குளித்துக்கொண்டிருப்பவருக்குத் தெரியாது. நீர்மட்டம் திடீரென உயர்ந்து அடித்துச் சென்ற செய்திகளை நாம் எல்லோரும் வாசித்திருக்கிறோம். ஆனால் இந்த இழையின் கேள்வி சுத்தம் பற்றியது என்பதால் அதை இத்துடன் விடுகிறேன்.

கண்டித் தடாகக்காரன்:
ஒரு பொதுத் தடாகத்தின் நீரைப் பராமரிப்பதுதான் என்னுடைய தொழில் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன், அக்கா பொறுமையோடு வாசிக்க வேண்டும்.

முதலில் அந்த வாடை. நன்றாகப் பராமரிக்கப்படும் தடாகத்துக்கு வாடையே அநேகமாக இருக்காது. மூக்கில் ஏறுவது குளோரீன் அல்ல, குளோரமைன். வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள அமோனியாவோடும் யூரியாவோடும் குளோரீன் சேரும்போது இது உண்டாகிறது. கண் சிவப்பதற்கும் தோல் அரிப்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். ஆகவே வாடை அடிக்கிறதென்றால் மருந்து அதிகம் என்று பொருள் கொள்ளக் கூடாது; குளித்தவர்களின் அழுக்கு அதிகம், அதைச் சமாளிக்க இட்ட குளோரீன் போதவில்லை என்றே கொள்ள வேண்டும். அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். வார இறுதிக் கூட்டம் போன பிறகு திங்கட்கிழமை பிள்ளைகளின் கண்கள் சிவப்பதும் இதோடு பொருந்தி வருகிறது. ஞாயிறு இரவே கூடுதலாகக் குளோரீன் இட்டு, ஒரு பகுதி நீரை வெளியேற்றிப் புது நீர் சேர்த்திருக்க வேண்டும். குளிப்பவர் ஒருவருக்கு 30 லீற்றர் வீதம் புது நீர் சேர்ப்பது நல்ல வழக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீர்க் கட்டணத்தை நினைத்து முதலில் கைவிடப்படுவதும் இந்த வழக்கம்தான்.

நாங்கள் பார்க்கும் அளவுகள் இவை. நீரில் வேலை செய்யத் தயாராக நிற்கும் குளோரீன் லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். அழுக்கோடு சேர்ந்துவிட்ட குளோரீன் 0.4 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பீ.எச். அளவு 7.2க்கும் 7.8க்கும் இடையில் நிற்க வேண்டும். சோதிப்பதற்கு டி.பி.டி. வில்லையை மாதிரி நீரில் கரைத்தால் இளஞ்சிவப்பு நிறம் வரும். நிறம் கூடினால் குளோரீன் கூட. ஆனால் குளோரீன் அளவுக்கு மீறி இருந்தால் அந்த நிறத்தையே அது வெளுக்கச் செய்துவிடும். பழக்கமில்லாதவர் அதைப் பார்த்துக் குளோரீன் இல்லையென்று எண்ணி இன்னும் அள்ளிப் போடுவார். இப்படி நடந்ததைக் கண்டிருக்கிறேன்.

மலைநாட்டுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நமது ஊற்று நீரும் ஓயா நீரும் மிக மென்மையானவை; கரைந்த உப்புகள் குறைவு. குடிக்க அருமையான நீர்தான், ஆனால் தடாகத்தில் அதன் பீ.எச். ஒரு நிலையில் நிற்காது. ஒரு பலத்த மழை பெய்தாலோ சிறிது அமிலம் விழுந்தாலோ அளவு சட்டென்று மாறிவிடும். இதைத் தடுக்க நாங்கள் இடுவது வேறொன்றுமில்லை, சமையலறையில் இருக்கும் அப்பச்சோடாதான். அளவு மட்டும் மூட்டைக் கணக்கு. மழைக்காலத்தில் கரையிலிருந்து செம்மண் நீர் உள்ளே வழிந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். கலங்கிய நீரில் கிருமி மண் துகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதால், படிகாரம் இட்டுக் கலங்கலை அடியில் படியவைத்து உறிஞ்சி எடுக்காமல் எவரையும் இறக்கக் கூடாது. வெயில் நாளில் வேறு தொல்லை. திறந்தவெளித் தடாகத்தின் குளோரீனைச் சூரிய ஒளி சில மணி நேரத்துக்குள்ளேயே பெருமளவு அழித்துவிடும். அதனால் காலையில் சோதித்த அளவை நம்பி மாலை வரை இருந்துவிட முடியாது.

கடைசியாக எண்ணெய். நம்மவர்கள் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டே தடாகத்துக்கு வருகிறார்கள். அது நீரின் மேல் பரவி, குழம்புச் சட்டியின் விளிம்பில் படிவதைப் போல தடாகச் சுவரில் பதித்த ஓட்டின் ஓரத்தில் வளையமாகப் படிகிறது; வடிகட்டியின் மணலில் ஒட்டி அதைக் கட்டியாக்குகிறது; கிருமிக்குச் செலவாக வேண்டிய குளோரீனைத் தின்றுவிடுகிறது. விசேட நாட்களுக்கு அடுத்த நாள் மஞ்சளும் சேர்ந்து வரும். சவர்க்காரம் போட்டுத் தலை கழுவி வாருங்கள் என்று வாசலில் எழுதி வைத்தால், சண்டைக்கு வருபவர்களே அதிகம்.

மஸ்கெலியா மூத்தவர்:
தம்பி எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். என் சந்தேகத்தை நீங்கள் இன்னும் பலப்படுத்தியிருக்கிறீர்கள் என்றே சொல்வேன். இத்தனை அளவுகளும் சரியாக இருந்தால்தான் நீர் சுத்தம் என்றால், ஒரு நாள் ஒருவர் கவனம் தப்பினாலும் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். அது போக, பஸ்ஸில் வந்த அதே சட்டை, அதே சாரத்தோடு தொப்பென்று குதிப்பவர்களை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். எல்லா அளவும் சரியாக இருக்கிற தடாகத்தில் நோயே வராது என்று உங்களில் எவராவது உறுதி தர முடியுமா?

ஹட்டன் இரசாயன ஆசிரியை:
அந்த உறுதியை எவரும் தர முடியாது, ஐயா. ஆனால் எந்தக் கிருமி எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பது ஓரளவு துல்லியமாக அறியப்பட்டிருக்கிறது. லீற்றருக்கு 1 மில்லிகிராம் குளோரீனும் சரியான பீ.எச். அளவும் உள்ள நீரில், வயிற்றோட்டத்தை உண்டாக்கும் ஈ.கோலை பற்றீரியா ஒரு நிமிடத்துக்குள் இறந்துவிடும். செங்கண்மாரியை ஏற்படுத்தும் ஹெபடைடிஸ் ஏ வைரசுக்கு ஏறத்தாழ 16 நிமிடங்களும், ஜியார்டியா என்ற ஒட்டுண்ணிக்கு 45 நிமிடங்களும் தேவை. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியோ அதே நீரில் 10 நாட்களுக்கு மேல் உயிரோடு இருக்கும். அதன் தடித்த ஓட்டைக் குளோரீன் எளிதில் ஊடுருவாது. 4 முதல் 6 மைக்ரோமீற்றர் அளவே உள்ள அதைச் சாதாரண மணல் வடிகட்டியும் முழுமையாகப் பிடிப்பதில்லை. ஆகவே, வயிற்றோட்டம் உள்ள ஒரேயொரு பிள்ளை இறங்கினால், மிக நேர்மையாகப் பராமரிக்கப்படும் தடாகமும் பாதுகாப்பற்றதாகிவிடலாம். ஐயா சொல்லும் அபாயம் உண்மையில் இங்கேதான் இருக்கிறது. மற்றக் கிருமிகளைப் பொறுத்தவரை, ஒரு தடவை கவனம் தப்பினால் எல்லாம் போய்விடும் என்பது சற்று மிகையானது.

பீ.எச். பற்றித் தம்பி சொன்னதற்கு ஒரு விளக்கம் சேர்க்கிறேன், ஏனென்றால் பல இடங்களில் குளோரீன் அளவை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். நீரில் இட்ட குளோரீன், ஐப்போகுளோரசு அமிலமாக இருக்கும்போதுதான் கிருமியை வேகமாகக் கொல்கிறது. பீ.எச். 7.5 இல் ஏறத்தாழ பாதி மட்டுமே அந்த வடிவில் இருக்கும்; 8 ஆனால் கால்வாசியாகக் குறைந்துவிடும். பதிவேட்டில் குளோரீன் அளவு சரியாக எழுதப்பட்டிருந்தும் தடாகம் கிருமிகளுக்கு வசதியாக இருக்க முடியும் என்பதற்கு இதுவே காரணம்.

சிறுநீர் விடயத்தில் நாம் வெட்கப்பட்டு மௌனம் காக்கிறோம். கனடாவின் அல்பர்ட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017 இல் ஒரு சுவாரசியமான வழியைக் கையாண்டார்கள். பதப்படுத்திய உணவுகளில் சேர்க்கப்படும் அசெசல்பேம் என்ற செயற்கை இனிப்பு உடலில் மாற்றமடையாமல் சிறுநீரோடு வெளியேறுவதால், தடாக நீரில் அதன் அளவைப் பார்த்துச் சிறுநீரின் அளவை மதிப்பிட்டார்கள். 830,000 லீற்றர் கொண்ட ஒரு தடாகத்தில் ஏறத்தாழ 75 லீற்றர் சிறுநீர் இருந்தது. கொள்ளளவோடு ஒப்பிடுகையில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் குளோரமைன் உருவாவதற்கு அது தாராளமாகப் போதும். நீரில் சிறுநீர் கழித்தால் நீல நிறம் படரும் மருந்து இருக்கிறது என்று பிள்ளைகளைப் பயமுறுத்துகிறோமே, அப்படியொரு மருந்து கிடையாது. (இதை என் மாணவர்கள் வாசிக்காமல் இருக்கக் கடவது.)

பதுளைக் கணக்காளர்:
இரசாயனம் எல்லாம் சரி. என்னுடைய கேள்வி நம்பிக்கை பற்றியது. அமெரிக்காவில் ஐந்து மாநிலங்களில் 2013 இல் நடந்த தடாகப் பரிசோதனைகளில், ஏறத்தாழ எட்டில் ஒன்று உடனடியாக மூடும் உத்தரவில் முடிந்ததாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் வெளியிட்டது. முறையான பரிசோதகர்களும் அச்சிட்ட படிவங்களும் உள்ள நாட்டின் நிலை அது. இங்கே நான் போன தடாகங்களில், அன்றைய குளோரீன் அளவைப் பலகையில் எழுதி வைத்திருந்த ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. கேட்டால், "எல்லாம் சரியாக இருக்கிறது சேர்" என்பதோடு முடிந்துவிடும். கணக்குப் புத்தகத்தைக் காட்ட மறுக்கும் கடையோடு நான் கொடுக்கல் வாங்கல் வைப்பதில்லை, தடாகத்துக்கும் அதே விதிதான். 2022 இல் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டதே, அப்போது நீரைச் சுற்றவிடும் பம்பிகளை எவர் எதை வைத்து ஓட்டினார்கள்?

கண்டித் தடாகக்காரன்:
அண்ணன் கேட்பது நியாயம். அப்போது ஜெனரேட்டருக்கு டீசல் இல்லாததால் நாங்கள் மூடித்தான் வைத்தோம். பம்பி நின்ற தடாகம் பச்சையாக மாறுவதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. மின்சாரம் தடையின்றிக் கிடைக்கும் இந்நாட்களிலும், மின்கட்டணத்துக்கு அஞ்சி இரவு முழுவதும் பம்பியை நிறுத்தி வைக்கும் இடங்கள் இருக்கின்றன என்பதை மறுக்க மாட்டேன்.

அளவுகளைக் காட்ட மறுக்கும் இடத்திலும் கரையில் நின்று சிலவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். ஆழமான பக்கத்தின் அடியில் உள்ள வடிகால் மூடியின் கம்பிகள் தெளிவாகத் தெரிய வேண்டும். மங்கலாகத் தெரிந்தால் இறங்க வேண்டாம், ஏனென்றால் அந்த நீரில் மூழ்கிக் கிடப்பவரையும் காப்பாளரால் காண முடியாது. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சுவர் ஓடுகளை விரலால் தடவிப் பார்த்தால் வழுக்கக் கூடாது. வழுக்கல் என்பது கிருமிகள் கூட்டாகப் படர்ந்து குளோரீனிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளும் படலம். சோதனைத் தாள்கள் கடையில் கிடைத்தால் ஒரு பெட்டி வாங்கி வைத்திருங்கள், நனைத்த சில விநாடிகளில் குளோரீனையும் பீ.எச். அளவையும் காட்டும். பருத்திச் சட்டையோடு இறங்க வேண்டாம் என்று நாங்கள் சொல்வது நாகரிகம் காட்டுவதற்காக அல்ல. அதன் நூல் துகள்கள் வடிகட்டியை அடைக்கின்றன, வெளியிலிருந்து கொண்டுவந்த அழுக்கும் அதில் நிற்கிறது. இந்த ஒன்றில் மஸ்கெலியா ஐயாவும் நானும் ஒரே பக்கம்.

ஹட்டன் இரசாயன ஆசிரியை:
சோதனைத் தாள் வில்லையளவுக்குத் துல்லியமானது அல்ல, ஆனால் குளோரீன் அறவே இல்லாத நீரைக் காட்டிக்கொடுக்க அது போதும். நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பதும் கூடாது. 2016 றியோ ஒலிம்பிக்கில் உயரத்திலிருந்து நீரில் பாயும் போட்டிக்கான தடாகம் பச்சையாக மாறியது நினைவிருக்கலாம். தவறுதலாக ஐதரசன் பரவொட்சைட்டை ஊற்றியதால் குளோரீன் செயலிழந்து பாசி வளர்ந்தது. அந்த நீரில் குளோரீன் செயலிழந்த கணத்திலேயே நிறம் மாறியிருக்காது என்பதைக் கவனியுங்கள். நீல நிற ஓட்டுக்கு மேல் எந்த நீரும் அழகாகத்தான் தெரியும்.

நுவரெலியாக் குளிராளி:
எங்கள் பக்கத்தில் திறந்தவெளியில் இறங்கினால் உடம்பு விறைத்துவிடும் என்பதால், விடுதிகளில் உள்ள வெந்நீர்த் தடாகங்களுக்கே போகிறோம். அங்கே குளிருக்குப் பயந்து ஜன்னல்களை எல்லாம் அடைத்துவிடுகிறார்கள். உள்ளே நுழைந்தால் தொண்டை கரகரக்கிறது, மூச்சு இழுப்பு உள்ள என் மகனுக்கு இருமலே வந்துவிடுகிறது. இதற்கும் அந்தக் குளோரமைன்தான் காரணமா?

ஹட்டன் இரசாயன ஆசிரியை:
ஆம். அதன் ஒரு வகை எளிதில் ஆவியாகி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, அதாவது நீந்துபவரின் மூக்குக்கு நேராகத் தேங்கி நிற்கும். மூடிய கட்டடத்தில் அது வெளியேற வழியில்லை. இழுப்பு உள்ள பிள்ளையை அப்படிப்பட்ட இடத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டாம். காற்றை வெளியேற்றும் விசிறி ஓடும் இடமாகத் தேடுங்கள். வெந்நீரில் குளோரீனும் வேகமாகத் தீர்ந்துபோகும்.

நாவலப்பிட்டித் தாதி:
அதனால்தான் சுடுநீர்த் தொட்டிகளுக்கு லீற்றருக்கு 3 மில்லிகிராமுக்குக் குறையாத குளோரீன் வேண்டும் என்கிறார்கள். குளோரீன் குறைந்த வெந்நீரில் சூடோமோனாஸ் என்ற பற்றீரியா பெருகி, நீச்சல் உடை ஒட்டியிருந்த இடங்களில் சிவந்த பருக்களை உண்டாக்கும். நீந்துபவர்களுக்கு வரும் காது வலிக்கும் பெரும்பாலும் அதுவே காரணம். காதுத் துவாரத்தில் நீர் தேங்கி நிற்பதே அதற்கு வசதி என்பதால், கரையேறியதும் தலையை இரு பக்கமும் சாய்த்து நீரை வடியவிட்டுத் துவாயால் துடைத்தால் போதும். பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டுக் குடைவதால் தோல் உரிந்து நோய்க்கு இடம் கிடைக்கிறது. காதிலிருந்து சீழ் வடியும் பிள்ளையை வைத்தியர் அனுமதிக்கும் வரை இறக்க வேண்டாம்.

நீரை மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம். சேற்றுப்புண்ணும் பாதத்தில் வரும் மருவும் அநேகமாகத் தடாகத்து நீரிலிருந்து வருவதில்லை. உடை மாற்றும் அறையின் ஈரத் தரையிலிருந்து வருகின்றன. தடாகத்துக்குக் குளோரீன் இடுகிறவர்கள் அந்தத் தரையை எத்தனை தடவை கழுவுகிறார்கள் என்று பாருங்கள். பிள்ளைகள் இறப்பர்ச் செருப்போடு ஓரம் வரை நடக்கட்டும், துவாயை இரவல் கொடுக்காமல் இருக்கட்டும்.

பண்டாரவளை வாசகி:
எல்லோருக்கும் நன்றி. திங்கட்கிழமைக்குப் பதிலாக வியாழக்கிழமை வகுப்புக்கு மாற்றித் தரும்படி கேட்கப் போகிறேன், பதிவேட்டையும் கேட்பேன். கடைசிப் பிள்ளைக்கு இரண்டு வயது, அவனையும் கூட்டிக்கொண்டு ஆழமில்லாத பக்கத்தில் இறங்கலாமா? நீச்சலுக்கென்று விற்கும் நாப்கின் கட்டினால் பிரச்சினை இல்லை என்று கடையில் சொன்னார்கள்.

நாவலப்பிட்டித் தாதி:
கடைக்காரர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அக்கா. அந்த நாப்கின் கட்டியான மலத்தை ஓரளவு பிடித்து வைக்கும். வயிற்றோட்டமாகப் போனால் கிருமி நீரில் கலப்பதைத் தடுக்காது. வயிறு சரியாக இருக்கும் நாட்களில் மட்டும் இறக்குங்கள். மணிக்கொரு தடவை வெளியே எடுத்துப் பார்த்து, தடாக ஓரத்தில் அல்லாமல் கழிப்பறைப் பக்கத்தில் மாற்றுங்கள். மாற்றியபின் உங்கள் கையையும் சவர்க்காரத்தால் கழுவுங்கள். வயிற்றோட்டம் வந்தால் அது முழுமையாக நின்ற பிறகு இறக்கலாம். கிரிப்டோஸ்போரிடியம் என்று வைத்தியர் சொல்லியிருந்தால் நின்ற நாளிலிருந்து இரண்டு வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும். அந்த வயதுப் பிள்ளைகள் நீரை விழுங்கத்தான் செய்வார்கள், ஆகவே சிறுவர் பகுதியின் நீரைத் தனியாகச் சோதிக்கிறார்களா என்பதையும் பதிவேட்டில் பாருங்கள்.

கண்டித் தடாகக்காரன்:
சிறுவர் பகுதிக்குத் தனி வடிகட்டி இருக்கிறதா என்றும் கேளுங்கள், அக்கா. ஒரே குழாயில் இணைத்திருந்தால் அங்கே நடப்பது பெரிய தடாகத்துக்கும் வந்து சேரும்.